உங்கள் கைக்கேற்ற பட்டர்: டிஸ்க் கோல்ஃப் ஆடுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

டிஸ்க் கோல்ஃப் என்பது தட்டு போன்ற டிஸ்க்கை எறிந்து, சங்கிலி தொங்கும் கூடைக்குள் விழவைக்கும் ஆட்டம். கூடைக்குப் பக்கத்திலிருந்து அதற்குள் எறிவது பட் அல்லது பட்டிங்; அதற்கான டிஸ்க்தான் பட்டர். ஒரு சுற்றில் மற்ற எந்த டிஸ்க்கையும்விட அதிகமுறை கையில் எடுப்பது பட்டரைத்தான். கூடைக்குப் பத்து மீட்டருக்குள் வந்துவிட்டால் அப்புறம் வேறு டிஸ்க்குக்கு வேலையே இல்லை. ஆனாலும் புதிதாக ஆட வருபவர்கள் தூரம் போகும் டிரைவரைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, பட்டரை மட்டும் ஏதோ ஒன்று கிடைத்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

நம் கொங்குப் பக்கம் ஆடுபவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. கோயம்புத்தூரோ ஈரோடோ பொள்ளாச்சியோ, கடைக்குள் போய்ப் பத்துப் பட்டரை எடுத்துப் பிடித்துப் பார்த்து வாங்கும் வாய்ப்பு அரிது. பெரும்பாலும் ஆன்லைனில்தான் வரவழைக்கிறோம். டிஸ்க் விலையோடு அனுப்பும் செலவும் சேரும். வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்க வரியும் சேரலாம். இவ்வளவு கொடுத்து, யாரோ ஒரு சாம்பியன் பெயர் பொறித்திருக்கிறது என்பதற்காக வாங்கிய டிஸ்க் கைக்குச் சேராமல் பையின் அடியில் கிடப்பதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

அதனால் நான் சொல்லும் வழி இதுதான்: பட்டரைத் தேடுவதற்கு முன், நீங்கள் எப்படி எறிகிறீர்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்துவிட்டால் சந்தையில் உள்ள நூற்றுக்கணக்கான பட்டர்கள் தானாகவே இரண்டு மூன்றாகக் குறைந்துவிடும். கீழே இடது, வலது என்று சொல்வதெல்லாம் வலது கையால் பேக்ஹேண்ட் எறிபவர்களுக்கானது. இடது கைக்காரர்கள் திருப்பிப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

பட்டர் என்பது எப்படிப்பட்ட டிஸ்க்

எந்த டிஸ்க்கைப் போட்டியில் எறியலாம் என்று அளவு வகுப்பது பி.டி.ஜி.ஏ. எனப்படும் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம். எட் ஹெட்ரிக் 1976-ல் தொடங்கியது. டிஸ்க்கின் குறுக்களவு 21 செ.மீ.க்குக் குறையக்கூடாது, ஒரு செ.மீ. குறுக்களவுக்கு 8.3 கிராமுக்கு மேல் எடை இருக்கக்கூடாது என்பவை அதன் விதிகளில் முக்கியமானவை. 21.2 செ.மீ. குறுக்களவுள்ள பட்டருக்குக் கணக்குப் போட்டால் 176 கிராமுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. பட்டர்களின் அடியில் 173, 174, 175 என்று எழுதியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

டிரைவரின் விளிம்பு அகலமானது, முனை கூர்மையானது. பட்டரின் விளிம்பு குறுகலானது, முனை மழுங்கலானது, உட்பக்கம் ஆழமானது. அதனால் மெதுவாக எறிந்தாலும் நேராகப் போகும். சங்கிலியில் பட்டால் வேகம் இழந்து கூடைக்குள் விழும். 1980-களில் இன்னோவா நிறுவனம் கொண்டுவந்த ஏவியார்தான் இந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். பிறகு வந்த பல பட்டர்களை அதோடு ஒப்பிட்டுத்தான் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். பட்டர் வரிசையிலேயே அப்ரோச் டிஸ்க்குகளையும் சேர்த்து விற்பார்கள். டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் ஸோன் அப்படிப்பட்டது. முப்பது நாற்பது மீட்டரிலிருந்து கூடைக்கருகே கொண்டுபோய்ப் போட அருமையான டிஸ்க். ஆனால் கடைசியில் இடதுபக்கம் பலமாக இறங்கும். பட்டிங்குக்கென்று அதை வாங்க வேண்டாம்.

படி 1: நீங்கள் ஸ்பின்னா, புஷ்ஷா?

பட்டிங்கில் பெரிதாக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஸ்பின் முறையில் முழங்கையை மடக்கி, டிஸ்க்கை வயிற்றுக்கோ மார்புக்கோ நேராகக் கொண்டுவந்து, மணிக்கட்டையும் விரல்களையும் சுண்டி விடுகிறோம். டிஸ்க் நிறையச் சுழலும். தாழ்வாக, வேகமாகப் போய்ச் சங்கிலியில் மோதும். புஷ் முறையில் டிஸ்க்கைத் தொடைப்பக்கம் இறக்கி, பின்காலில் இருக்கும் உடல் எடையை முன்காலுக்கு மாற்றிக்கொண்டே, கையை நீட்டி மேல்நோக்கிக் கொடுக்கிறோம். மணிக்கட்டுக்கு வேலை குறைவு. டிஸ்க் மெதுவாக எழும்பி, மேலிருந்து கூடைக்குள் இறங்கும். நிறையப் பேர் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருப்பார்கள். அதற்கு ஸ்பஷ் என்று பெயர்.

நீங்கள் எது என்று உங்களுக்கே தெரியும் என்று நினைப்பீர்கள். இருந்தாலும் ஒருமுறை படம் எடுத்துப் பாருங்கள், ஏனென்றால் செய்வதாக நாம் நினைப்பதும் கை உண்மையில் செய்வதும் பலருக்கு வேறுவேறாக இருக்கும். டிஸ்க்கின் விளிம்பில், வெளிப்பக்கமாக, ஒரே ஒரு இடத்தில் மார்க்கர் பேனாவால் பெரிய புள்ளி வையுங்கள். கூடையிலிருந்து ஏழு மீட்டரில் நின்றுகொண்டு, ஒருவரைப் பக்கவாட்டில் நிற்கச் சொல்லி ஃபோனில் ஸ்லோமோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். டிஸ்க் கையை விட்டதிலிருந்து சங்கிலியைத் தொடும்வரை அந்தப் புள்ளி எத்தனை முறை வந்து போகிறது என்று எண்ணுங்கள். உடன் ஆடும் இன்னும் இரண்டு பேரையும் இப்படியே எடுத்து ஒப்பிட்டால், யார் எந்தப் பக்கம் என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

அதே வீடியோவில் இன்னும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். டிஸ்க் எட்டிய உச்சி, கூடையின் மேல்வளையத்துக்குக் கீழேயா மேலேயா? கையை விடும் அந்தக் கணத்தில் டிஸ்க்கின் முன்விளிம்பு சமமாக இருக்கிறதா, மேலே தூக்கிக்கொண்டிருக்கிறதா? முன்விளிம்பு ரொம்பத் தூக்கியிருந்தால் டிஸ்க் பாதியில் நின்று, இடதுபுறம் சரிந்து விழும். எந்தப் பட்டரை வாங்கினாலும் இது சரியாகாது. முதலில் பிடியைச் சரிசெய்துகொண்டு அப்புறம் பட்டரைத் தேடுங்கள்.

கால்களை முன்பின்னாக வைப்பதா, பக்கத்துக்குப் பக்கம் அகட்டி வைப்பதா என்பது பட்டரைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய வித்தியாசம் செய்யாது. அகட்டி நிற்பவர்களுக்கு உடல் எடையின் உந்துதல் குறைவாகக் கிடைப்பதால், சற்று அதிகம் மிதக்கும் டிஸ்க் உதவும். அவ்வளவுதான்.

படி 2: எங்கே தவறுகிறது என்று குறித்து வையுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் செய்துவிட்டு மற்றவற்றை விட்டால்கூடச் சரியான பட்டருக்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள். அதனால் இதற்கு நேரம் கொடுங்கள்.

கூடை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். நம் ஊரில் வெல்டிங் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஒரு குழாய், இரண்டு வளையம், அடியில் கம்பிக்கூடை, மேல்வளையத்திலிருந்து தொங்கும் சங்கிலிகள் என்று படம் வரைந்து கொடுத்தால் செய்து தந்துவிடுவார்கள். கூடையின் மேல்விளிம்பு தரையிலிருந்து 82 செ.மீ. அளவில் இருக்கட்டும். சங்கிலியை மட்டும் ரொம்ப மெலிதாகப் போட்டுவிடாதீர்கள். மெலிந்த சங்கிலி டிஸ்க்கின் வேகத்தைப் பிடித்து நிறுத்தாது, சோதனை முடிவே மாறிப்போகும்.

இடத்துக்கு நான் விரும்புவது காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளை, அதாவது மேய்ச்சல் காடுகளை. கிளுவை வேலி சுற்றி, அங்கங்கே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். திறந்த வெளிக்குத் திறந்த வெளி, மரத்துக்கு மரம். காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மாடு மேயாத நேரமாகப் பார்த்துப் போங்கள். வெள்வேல முள் காலில் ஏறும், நல்ல செருப்போ ஷூவோ அவசியம். காற்று எழும்புவதற்கு முன், காலையில் போவது நல்லது. இந்தச் சோதனையில் காற்று கலக்கக்கூடாது.

ஒரு நோட்டில் கூடையின் படத்தைப் பெரிதாக வரைந்துகொள்ளுங்கள். ஐந்து, ஏழு, ஒன்பது மீட்டரிலிருந்து இப்போது கையிலிருக்கும் எந்த டிஸ்க்கை வைத்தாவது எறியுங்கள். கடன் வாங்கியதானாலும் பரவாயில்லை. தவறிய ஒவ்வொன்றும் கூடைக்கு எந்தப் பக்கம் போனது என்று படத்தில் புள்ளி வையுங்கள். உள்ளே விழுந்தவற்றைக் குறிக்கவே வேண்டாம். ஒன்றிரண்டு வாரம் இப்படிச் செய்தால் புள்ளிகள் ஒரு பக்கமாகக் கூடுவதைப் பார்க்கலாம்.

புள்ளிகள் இடதுபக்கம் தாழ்வாகக் கூடினால், டிஸ்க் கூடைக்கு வந்து சேர்வதற்குள் வேகம் இழந்து இடதுபுறம் இறங்குகிறது என்று பொருள். புஷ் முறையில் எறிபவர்களிடம் இது அதிகம். வேகமும் சுழற்சியும் குறைவாக இருப்பதால், டிஸ்க்கின் இயல்பான இடதுசரிவு அவர்களுக்குச் சீக்கிரமே வந்துவிடுகிறது. இவர்களுக்குச் சரிவு குறைந்த, மிதப்பு கூடிய பட்டர் வேண்டும்.

கூடைக்கு மேலே பறந்துபோகும் புள்ளிகள் அதிகம் என்றால், குறிப்பாக ஒன்பது மீட்டரில், டிஸ்க் தேவைக்கு மேல் மிதக்கிறது. ஸ்பின் முறையில் பலமாகச் சுண்டி எறிபவர்களுக்கு வரும் தொல்லை இது. தவறினால் டிஸ்க் கூடையைத் தாண்டி எங்கோ போய் விழும். திரும்பி எறிய இன்னொரு கஷ்டமான பட் காத்திருக்கும். மிதப்பு குறைந்ததைப் பாருங்கள்.

சங்கிலியில் பட்டும் வெளியே துள்ளி விழுகிறதா? வேகம் அதிகம், பிளாஸ்டிக் கெட்டி. மென்மையான பிளாஸ்டிக் சங்கிலியோடு ஒட்டி நிற்கும். இதை ஒரு குறையாக நினைத்து எறியும் வேகத்தைக் குறைக்காதீர்கள். வேகத்தைக் குறைத்தால் மற்றதெல்லாம் கெட்டுவிடும்.

கூடையின் முன்விளிம்பில் இடித்து விழுவது பெரும்பாலும் குறிவைப்பில் உள்ள கோளாறு. நிறையப் பேர் கூடையைப் பார்த்து எறிகிறார்கள். பார்வை சங்கிலியில், அதிலும் ஒரே ஒரு கண்ணியில் நிற்க வேண்டும். அதைச் சரிசெய்தும் இடித்தால் மிதப்பு கூடிய டிஸ்க் உதவும்.

வலதுபக்கம் போகிறது என்றால் டிஸ்க்கை மாற்ற அவசரப்படாதீர்கள். விரல்கள் விளிம்பை விடுவதற்குத் தாமதமாகின்றன என்பதுதான் வழக்கமான காரணம். சில சமயம் விளிம்பு உங்கள் விரலுக்கு ரொம்ப ஆழமாக இருப்பதால் அப்படி மாட்டிக்கொள்ளும். அதைத்தான் அடுத்ததாகப் பார்க்கப் போகிறோம்.

படி 3: கையில் எப்படி உட்காருகிறது

பட்டரைத் திருப்பி, விளிம்பின் கீழ்ப்பகுதியை விரலால் தடவிப் பாருங்கள். சில பட்டர்களில் விளிம்பைச் சுற்றி வெளிப்பக்கமாக ஒரு சிறு வரம்பு ஓடும். அதுதான் பீட். சிலவற்றில் அது இல்லாமல் வழுவழுப்பாக இருக்கும்.

பீட் உள்ள பட்டரைக் கையில் வைத்தால், பிடி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமர்கிறது என்ற நம்பிக்கை கிடைக்கும். அதோடு, தேய்ந்தாலும் டிஸ்க்கின் போக்கு சீக்கிரம் மாறாது. பீட் இல்லாதது விரலிலிருந்து தடையில்லாமல் நழுவிப் போகும். இரண்டும் எப்படி வேறுபடுகின்றன என்று அறிய டைனமிக் டிஸ்க்ஸ் நிறுவனத்தின் ஜட்ஜ், வார்டன் என்ற இரண்டையும் பார்த்தால் போதும். ஏறக்குறைய ஒரே டிஸ்க். ஜட்ஜில் பீட் உண்டு, வார்டனில் இல்லை. நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஆளுக்கொன்றாக வரவழைத்து மாற்றி மாற்றி எறிந்து பாருங்கள். இதைவிடச் சிக்கனமான பாடம் வேறு கிடையாது.

பிடியைப் பொறுத்தும் இது மாறும். நான்கு விரல்களையும் மடக்கி விளிம்புக்குள் கொடுத்துப் பிடிப்பவர்களுக்கு, விளிம்பின் ஆழமும் உள்சுவரின் வழுவழுப்பும் முக்கியம். விரல்களை டிஸ்க்கின் அடித்தட்டில் விரித்து வைத்துப் பிடிப்பவர்களுக்கு மேலே கட்டைவிரல் உட்காரும் இடம் முக்கியம். கட்டைவிரலின் முதல் கணுவுக்கு முன்னால் உள்ள சதை தட்டின்மேல் முழுதாகப் படிய வேண்டும். முனை மட்டும் அழுந்தி, கணு தூக்கிக்கொண்டு நின்றால் தட்டு உங்களுக்கு அதிகம் குவிந்திருக்கிறது, சமமான தட்டுள்ள டிஸ்க் வேண்டும் என்று பொருள். கட்டைவிரலுக்கென்றே மேல்தட்டில் சிறு வரம்போ பள்ளமோ வைத்த பட்டர்களும் உண்டு. டிஸ்கிராஃப்ட்டின் பேங்கர் ஜி.டி., இன்னோவாவின் ரைனோ, ஸ்வீடனின் காஸ்டாபிளாஸ்ட் செய்யும் பெர்க் ஆகியவை அந்த வகை. பிடித்தவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும், பிடிக்காதவர்களுக்கு ஒத்தே வராது.

விரல் குட்டையானவர்கள் ஆழமான விளிம்பைத் தவிர்ப்பது நல்லது. ஆள்காட்டி விரலின் நுனி விளிம்பின் உட்சுவரை எட்டிப் பிடிக்க வேண்டும். அதற்கு உள்ளங்கையைக் கசக்கிக்கொண்டு பிடிக்க வேண்டியிருந்தால், பத்து பட் போடுவதற்குள் முன்கை இறுகிவிடும். விளிம்பின் ஆழத்தைப் பி.டி.ஜி.ஏ. தன் அங்கீகாரப் பட்டியலில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் சென்டிமீட்டர் கணக்கில் கொடுத்திருக்கிறது. பிடித்துப் பார்த்து வாங்க முடியாத நமக்கு அந்தப் பட்டியல் பெரிய உதவி. இப்போது கையிலிருக்கும் டிஸ்க் ஆழமாகத் தோன்றினால், அதன் அளவைப் பார்த்து அதைவிடக் குறைந்ததைத் தேடுங்கள்.

எம்.வி.பி., ஆக்சியம் நிறுவனங்களின் பட்டர்களில் விளிம்பில் வேறொரு பிளாஸ்டிக்கை வளையமாகச் சேர்த்திருப்பார்கள். எடை வெளிப்பக்கம் கூடுவதால் சுழற்சி நிலைத்து நிற்கும் என்பது அவர்கள் கணக்கு. இரண்டு பிளாஸ்டிக்கும் சேரும் கோடு சிலருக்கு விரலில் தட்டுப்படும்.

படி 4: பிளாஸ்டிக்

என்னைக் கேட்டால், வடிவத்தைவிடப் பிளாஸ்டிக் தவறுவதால்தான் அதிகம் பேர் பட்டரை வெறுக்கிறார்கள். விலை குறைந்த அடிப்படைப் பிளாஸ்டிக் கைக்கு நன்றாகப் பிடிபடும், சீக்கிரம் தேயும். விலை கூடிய பளபளப்பான பிளாஸ்டிக் வருஷக்கணக்கில் உழைக்கும், ஆனால் வியர்த்த கையில் வழுக்கும். பட்டிங்குக்கு அடிப்படைப் பிளாஸ்டிக்தான் சரி. விலையும் குறைவு என்பது நமக்கு இரட்டை லாபம்.

அதற்குள் கெட்டி, நடுத்தரம், மென்மை என்று பிரிவுகள் உண்டு. எம்.வி.பி. தன் எலெக்ட்ரான் பிளாஸ்டிக்கை சாஃப்ட், மீடியம், ஃபர்ம் என்று மூன்றாகத் தருகிறது. டைனமிக் டிஸ்க்ஸின் கிளாசிக் வகையும் இப்படித்தான். ஸ்பின் முறைக்குக் கெட்டியோ நடுத்தரமோ நல்லது, ஏனென்றால் சுண்டி விடும்போது டிஸ்க் கையில் வளைந்து கொடுக்காமல் சுத்தமாகக் கழலும். மேலிருந்து இறக்கும் புஷ் முறைக்கு நடுத்தரமோ சற்று மென்மையானதோ பொருந்தும்.

நம் தட்பவெப்பத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். மார்கழிக் காலையில் கோவையில் நன்றாக இருக்கும் மென்மையான பட்டர், சித்திரை மத்தியானத்தில் கரூரிலோ தாராபுரத்திலோ தொளதொளவென்று ஆகிவிடும். வருஷம் முழுக்க ஒரே பட்டரை வைத்து ஆட நினைப்பவர்கள் ரொம்ப மென்மையானதைத் தவிர்த்து நடுத்தரத்தில் நில்லுங்கள். அதே சமயம், சுக்கான்கல் தரையில் கெட்டியான டிஸ்க் விளிம்பில் விழுந்தால் உருண்டு ஓடிக்கொண்டே இருக்கும்; மென்மையானது விழுந்த இடத்தில் படுத்துவிடும். கெட்டித்தரையில் ஸ்பின் முறையில் ஆடுபவர்களுக்கும் நடுத்தரமே நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

படி 5: நான்கு எண்களைப் படிப்பது

டிஸ்க்கின்மேல் நான்கு எண்கள் இருக்கும். வேகம், மிதப்பு, வலதுதிருப்பம், இடதுசரிவு என்று வரிசையாகப் படிக்க வேண்டும். ஜட்ஜ் 2, 4, 0, 1. வார்டன் 2, 4, 0, 0.5. டிஸ்கிராஃப்ட்டின் லூனா 3, 3, 0, 3. பெர்க் 1, 1, 0, 2.

எட்டு மீட்டர் பட்டில் இவற்றில் இரண்டுதான் உண்மையாக வேலை செய்கின்றன: மிதப்பும் இடதுசரிவும். வலதுதிருப்பம் டிஸ்க் முழுவேகத்தில் போகும்போது வெளிப்படும் குணம். பட்டிங் வேகத்தில் அது தலைகாட்டுவதே இல்லை. அதனால் -1 என்று பார்த்துப் பயப்படவும் வேண்டாம், 0 என்று பார்த்து மகிழவும் வேண்டாம். எண்களை அந்தந்த நிறுவனமே போடுவதால், ஒரு நிறுவனத்தின் 3-ம் இன்னொரு நிறுவனத்தின் 3-ம் அச்சாக ஒன்றாக இருக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

புஷ் முறைக்கு மிதப்பு 3 அல்லது 4, சரிவு 0-லிருந்து 1 வரை. ஸ்பின் முறைக்கு மிதப்பு 2 அல்லது 3, சரிவு 1 அல்லது 2. நடுவில் இருப்பவர்கள் மிதப்பு 3, சரிவு 1 என்று தொடங்கலாம். ஏவியாரும் டிஸ்க்மேனியாவின் பி2-வும் அங்கேதான் இருக்கின்றன.

எடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரியவர்கள் 170-லிருந்து 175 கிராமுக்குள் வாங்குங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் தோள்வலி உள்ளவர்களுக்கும் 150, 160 கிராமில் கிடைப்பவை போதும். அவர்கள் கூடைவரை எட்டி எறிவதுதான் முக்கியம்.

படி 6: ஆடிக்காற்று

மற்ற ஊர்க்காரர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம், நாம் போக முடியாது. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று அடித்துக்கொண்டு போகிறது. அந்த வழியெல்லாம் காற்றாலை நிற்பது சும்மா இல்லை. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால் 175 கிராம் பட்டர் எம்மாத்திரம்?

எதிர்க்காற்றில் டிஸ்க் மேலே தூக்கும், வலதுபக்கம் திரும்பவும் பார்க்கும். பின்காற்றில் அழுந்தி விழும், இடதுசரிவும் கூடும். பக்கக்காற்றில், டிஸ்க்கின் இடதுவிளிம்பு சற்றுத் தாழ்ந்த நிலையில் எறிந்தால், வலதிலிருந்து வரும் காற்று அடித்தட்டில் புகுந்து தூக்கிக்கொண்டு போகும். இடதிலிருந்து வருவது மேல்தட்டை அழுத்தித் தரையில் தள்ளும். புஷ் முறையில் மெதுவாக, உயரமாக எறிபவர்களுக்குத்தான் இதில் அதிக நஷ்டம்.

உடுமலைப் பக்கம் புதிதாக ஆட வந்த ஒரு பையன் என்னிடம் கேட்டான், "ஏனுங்ணா, இந்தக் காத்துல என்னத்தைப் போடறதுங்ணா?" நான் சொன்னது: "மெதப்பு கம்மியா ஒண்ணு தனியா வெச்சுக்கோ தம்பி. ஆனா கையில பிடிச்சா ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கோணும்." உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். காற்றுக்கென்று பெர்க், ரைனோ போன்ற மிதப்பு மிகக் குறைந்த டிஸ்க்குகள் உண்டு. ரைனோவின் எண்கள் 2, 1, 0, 3. பெயருக்கேற்றபடி காற்றை மதிக்காது. ஆனால் கையில் அவற்றின் உணர்வே வேறு. நீங்கள் வழக்கமாக எறியும் பட்டரையே புதிதாக, ஒரு படி கெட்டியான பிளாஸ்டிக்கில் வாங்கி, ஆனி ஆடிக்கு வைத்துக்கொள்வதை முதலில் முயன்று பாருங்கள். புதிய டிஸ்க் தேய்ந்ததைவிட நேரம் தவறாமல் இடதுபுறம் இறங்கும், எதிர்க்காற்றையும் தாங்கும். அது போதவில்லை என்றால் பெர்க்குக்குப் போகலாம்.

படி 7: இரண்டாகக் குறைத்து, பக்கத்தில் வைத்துப் பார்ப்பது

இப்போது உங்கள் நோட்டைத் திறந்து, இரண்டு பெயர்களை எழுதுங்கள். இரண்டுக்கு மேல் வேண்டாம். புஷ் பக்கம் இருப்பவர்கள் ஜட்ஜ் அல்லது வார்டன், கூட ஆக்சியத்தின் ப்ராக்ஸி என்று பார்க்கலாம். ப்ராக்ஸியின் சரிவு 0.5-தான். ஸ்பின் பக்கம் இருப்பவர்கள் கேட்வேயின் விஸார்ட், இன்னோவாவின் கே.சி. ப்ரோ ஏவியார். பீட் வேண்டாம் என்பவர்களுக்கு ஜே.கே. ப்ரோ ஏவியார் இருக்கிறது.

கே.சி. என்பது 12 முறை உலகச் சாம்பியனான கென் கிளைமோவைக் குறிக்கும், ஜே.கே. என்பது ஜூலியானா கோர்வரை. லூனா, பால் மெக்பெத்துக்காக டிஸ்கிராஃப்ட் செய்தது. இவர்கள் எல்லாம் இந்த டிஸ்க்குகளை வைத்துப் பெரிய வெற்றிகளைப் பெற்றிருக்கிறார்கள். ஆனால் லூனாவின் சரிவு 3. அந்த அளவு சுண்டும் கை நமக்கு இல்லையென்றால் ஒன்பது மீட்டரில் அது கூடையின் இடதுபக்கமே போய்க்கொண்டிருக்கும்.

வந்த டிஸ்க்கை எறிவதற்கு முன் விளிம்பின் அடியில் நகத்தால் ஒரு சுற்றுத் தடவுங்கள். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் மெல்லிய பிசிறு நகத்தில் தட்டுப்படும். அதை விட்டுவைத்தால் விரலைக் கீறுவதோடு, டிஸ்க் கையைவிட்டுக் கழலும் நேரத்தையும் மாற்றும். நைசான உப்புத்தாளால் லேசாக ஒரு சுற்றுத் தேய்த்தால் போதும். அச்சுக் குறைகளை இப்படிச் சமன்செய்வதை விதி அனுமதிக்கிறது. டிஸ்க்கின் பறக்கும் தன்மையை மாற்றும் அளவுக்குத் தேய்ப்பதை அனுமதிக்காது.

அப்புறம் இரண்டையும் ஒன்று மாற்றி ஒன்றாக எறியுங்கள். ஒன்றையே பத்து முறை எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்தால், கை சூடானதன் பலன் இரண்டாவதுக்குப் போய்விடும். ஐந்து மீட்டரில் எல்லா டிஸ்க்கும் நல்ல டிஸ்க்தான். எட்டு ஒன்பதில் பாருங்கள். எத்தனை விழுந்தது என்பதைவிட, தவறியவை கூடைக்கு எவ்வளவு பக்கத்தில் விழுந்தன என்பதை எடைபோடுங்கள். அடுத்த எறிதலும் அங்கிருந்துதானே. கடைசியாக, விரல்கள் சோர்ந்த பிறகும் ஒரு கை எறிந்து பாருங்கள். பதினைந்தாவது கூடைக்கு வரும்போது உங்கள் கை அப்படித்தான் இருக்கும்.

இரண்டும் சமமாக வந்தால், எடுத்தவுடன் யோசிக்காமல் பிடி உட்காருவது எதுவோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்ந்தெடுத்த பிறகு

அதே பெயர், அதே பிளாஸ்டிக், அதே எடையில் இன்னும் மூன்று நான்கு வாங்கிவிடுங்கள். ஒரே ஒரு பட்டரை வைத்துக்கொண்டு எறிவதும் எடுக்க ஓடுவதுமாக இருந்தால் பயிற்சி பாதியாகக் குறைந்துவிடும். நிறத்தில் செம்மண் நிறத்தையும் காய்ந்த புல்லின் மஞ்சளையும் தவிர்த்து, நீலமோ அடர்ரோஸோ எடுங்கள். அதில் இரண்டை மைதானத்துக்கென்று ஒதுக்கி, மற்றவற்றைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். சங்கிலியில் பட்டுப் பட்டு அடிப்படைப் பிளாஸ்டிக் தேயும்போது இடதுசரிவு மெல்லக் குறையும். புஷ் முறையில் எறியும் பலருக்கு அந்தத் தேய்ந்த டிஸ்க்தான் உயிர். ஸ்பின் முறையில் எறிபவர்கள், தவறுகள் வலதுபக்கம் கூடத் தொடங்கியதும் பயிற்சி டிஸ்க்கில் ஒன்றை மைதானத்துக்கு ஏற்றிவிட்டுப் பழையதைக் கீழே இறக்குங்கள்.

செம்மண் புழுதி விளிம்பில் படிந்தால் பிடி போய்விடும். ஒவ்வொரு பட்டுக்கு முன்னும் துடைக்க, திருப்பூர் பனியன் வேஸ்ட் துணியைவிட நல்லது எதுவும் நான் பார்க்கவில்லை. ஒன்றை ஈரமாக்கியும் ஒன்றை உலர்ந்தபடியும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் உலர்ந்தது இன்னும் இரண்டு தேவைப்படும். வெயிலில் நிறுத்திய காரிலோ ஸ்கூட்டர் பெட்டியிலோ பட்டரைப் போட்டு வைக்காதீர்கள். தட்டு வளைந்துவிட்டால், சமமான தரையில் கவிழ்த்து வைத்து, மேலே ஒரு கனமான புத்தகத்தை வைத்து, ஒரு இரவு விட்டுவிடுங்கள். பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும்.